பேர் எழுதாத பதினோரு மூட்டை

கோன் கேன், ரயில்பாதைக் குடியிருப்பு
8 பிப்ரவரி 1998

கம்போனுக்கு,

உன் விலாசம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று மண்டையைக் குழப்பிக்கொள்ளாதே. ரயில் கார்டு பிரயூன் அண்ணன்தான் சொன்னார். பூவா யாய் ஸ்டேஷனுக்குப் பக்கத்து அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறாயாம், இளைத்துப் போய்விட்டாயாம். இரண்டு மணி நேர ரயில் தூரத்தில் இருந்துகொண்டு பதினொரு மாதமாக ஒரு வரி எழுத உனக்குக் கை வரவில்லை. சரி, நானும்தான் தேடவில்லை. அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

நலம் விசாரிக்க எழுதவில்லை. ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

எரிந்துபோன ஒன்பது வீட்டு மனையும் அப்படியே கிடக்கிறது. மறுபடி வீடு கட்டக் கூடாது என்று ரயில்வேயில் சொல்லிவிட்டார்கள். ஒன்பது குடும்பமும் மிச்சமிருக்கிற வரிசையில் நெருக்கிக்கொண்டு இருக்கிறோம். என் அறையில் நான், வண்டீ, அவளுடைய இரண்டு பெண்கள். வலைத் தொழிற்சாலையில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. பாங்காக்குக்குக் கட்டட வேலைக்குப் போன ஆண்களெல்லாம் வேலை போய்ப் பெட்டியோடு திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கீரை வாங்கக்கூட யோசிக்க வேண்டியிருக்கிறது. அதனால் பெண்களெல்லாம் கூடிப் பேசி, அந்த மனையில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு தோட்டம் போடுவதென்று முடிவு செய்தோம். செடிதானே, போட்டுக்கொள்ளுங்கள் என்று ரயில்வே மேஸ்திரியும் தலையாட்டிவிட்டார்.

பேசும்போது எளிதாகத்தான் இருந்தது. மண்ணைக் கிளறினால் கரி, ஆணி, உருகி இறுகிய பிளாஸ்டிக், தகரத்துண்டு. மூன்று ஞாயிற்றுக்கிழமை குனிந்து பொறுக்கினோம். ஆணி மட்டும் இரண்டு வாளி. மண்வெட்டி மொத்தக் குடியிருப்புக்கும் ஒன்றே ஒன்று, அதற்கும் காம்பு ஆடுகிறது. விதை இல்லை, எரு இல்லை, பூவாளி இல்லை. இருக்கிறதெல்லாம் ஆசை மட்டும்தான்.

சாலி மாமாவிடம் யார் கேட்பது என்றுதான் எல்லாருக்கும் பயம். துவாங் அத்தை செத்த இடம் அது. கடைசியில் நான்தான் போனேன். கருகி மடங்கிப்போன அந்த இடது கையை வைத்துக்கொண்டு மூங்கில் சீவிக்கொண்டிருந்தார். பெண்டாட்டியைத் தூக்க நெருப்புக்குள் புகுந்து வாங்கிய காயம் அது, உனக்குத் தெரிந்திருக்காது. கேட்டுவிட்டுக் கையிலிருந்த மூங்கிலைச் சீவி முடித்தார். அப்புறம், "போடுங்க. வெறுமனே கிடக்குறதப் பாக்கத்தான் முடியல" என்றார். அவ்வளவுதான்.

உன் ஆலையில் உமிக்கரி மலையாகக் கிடக்குமாமே. எங்கள் மண்ணுக்கு அது வேண்டும். பிரயூன் அண்ணன் சரக்குப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து, வளைவில் வண்டி மெதுவாகும்போது தள்ளிவிடுகிறேன் என்றார். மூட்டையில் உன் பேரை எழுதாதே. உன்னுடையது என்று தெரிந்தால் இங்கே ஒருத்தரும் தொடமாட்டார்கள். உன்னால் நெருப்புப் பிடித்ததற்காகக்கூட இல்லை. நெருப்பு யார் வீட்டிலும் பிடிக்கும் என்றுதான் சொல்கிறார்கள். அத்தையை எரியூட்டிய அன்று வந்து, சவப்பெட்டிமேல் ஒரு பூவை வைத்து மன்னிப்புக்கூடக் கேட்காமல் ஓடிப்போனானே என்பதுதான் அவர்கள் ஆற்றாமை.

நான் பதில் பேசுவதில்லை.

லம்யாய்

*

பூவா யாய்
21 பிப்ரவரி

அக்கா,

உன் கையெழுத்தைக் கண்டதும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பிரிக்கத் தைரியம் வராமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க மூட்டை தூக்கினேன். வேர்வையில் நனைந்து சில வரிகள் கரைந்துவிட்டன. தோட்டம் என்பது மட்டும் தெளிவாக இருந்தது. மாமாவின் கையும்.

இது நாலாவது தாள். முந்தைய மூன்றையும் கிழித்துவிட்டேன்.

உமிக்கரி அனுப்புகிறேன். இங்கே கொட்ட இடமில்லாமல் பள்ளத்தில் தள்ளுகிறார்கள், வேண்டிய மட்டும் அள்ளிக்கொள் என்றார் மேஸ்திரி. வெறும் கரியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. கோழிப்பண்ணைக்காரர் உமிக்கு வருவார், அவரிடம் கெஞ்சி எரு வாங்கிப் பாதிக்குப் பாதி கலந்திருக்கிறேன். மொத்தம் பதினோரு மூட்டை. எரு புதுசு, சூடு அதிகம். ஒரு மாதம் நிழலில் ஆறவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் வேர் வெந்துவிடும்.

மண்வெட்டிக்கும் வழி செய்கிறேன். ஆலைப் பட்டறையில் லாரியின் பழைய பட்டை இரும்பு கிடக்கிறது. பட்டறைக்காரர் ஆறு மண்வெட்டி அடித்துத் தருகிறேன் என்றார், அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவருக்குத் துருத்தி ஊத வேண்டும். காம்பை நானே செதுக்குகிறேன். துருத்தி ஊதினால் நெருப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. போன ஞாயிறு காலையில் வாந்தி எடுத்தேன். மத்தியானத்துக்குமேல் பரவாயில்லை.

அன்றைக்கு என்ன நடந்தது என்று நீ என்னிடம் கேட்டதில்லை. நானே சொல்லிவிடுகிறேன். அரிசியை அவிய வைத்துவிட்டு, "அடுப்பப் பாத்துக்கடா" என்று சொல்லி நீ கடைக்குப் போனாய். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் சோடாக்கடை டிவியில் குத்துச்சண்டை. ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். ஐந்து சுற்றும் பார்த்தேன். வெளியே கத்துகிற சத்தம் கேட்டது. சண்டைக்குத்தான் கத்துகிறார்கள் என்று நினைத்தேன், அக்கா. நானும் கூடச் சேர்ந்து கத்தினேன்.

துவாங் அத்தை கால் ஒடிந்து படுத்திருந்தது எனக்குத் தெரியும். ஓடினேன். அத்தை வீட்டு வாசல் வரைக்கும் போனேன். உள்ளே போக முடியவில்லை என்று யாரிடமும் சொல்லலாம். உன்னிடம் சொல்கிறேன், போகவில்லை.

மாமா சரியாகச் சாப்பிடுகிறாரா?

கம்போன்

*

கோன் கேன்
16 மார்ச்

கம்போனுக்கு,

இன்றோடு ஒரு வருடம் ஆகிறது. காலையில் எல்லாரும் விகாரைக்குப் போய்ச் சோறு வைத்துவிட்டு வந்தோம். உன் கடிதத்தைப் பத்துத் தடவை படித்தேன். அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை, விட்டுவிடு.

பதினோரு மூட்டையும் வந்து சேர்ந்தது. பிரயூன் அண்ணன் தள்ளிய வேகத்தில் ஒன்று கிழிந்து, வண்டீயின் தலையெல்லாம் கரி. "எந்த மகராசன்டி உனக்கு எரு அனுப்புறான்? பூ அனுப்புறவன்கூட ஒருத்தன் கிடைக்கலியா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டாள். நானும் சிரித்துக்கொண்டே, ஆலை முதலாளி புண்ணியத்துக்கு அனுப்பினார் என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். சாலி மாமா ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்துவிட்டு, நல்ல எரு, ஆள் தெரிந்து கலந்திருக்கிறான் என்றார்.

மற்றதெல்லாம் சேர்வதுதான் பெரும்பாடு. வீடு வீடாகப் போய்க் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. எரிந்தபோது ஊரே சட்டையும் பாயும் கொடுத்தது, இன்னும் என்ன கேட்பது? அதனால் நான் ஒரு யோசனை சொன்னேன். விகாரையில் காட்டுத்துணிச் சடங்கு வைப்போம் என்றேன். வழக்கமாகத் துணி போட்ட கிளையில் பணநோட்டுக் கட்டுவார்கள், நாம் விதைப்பொட்டலம் கட்டச் சொல்வோம், அடியில் அவரவர் கொடுக்கிற சாமானை வைக்கட்டும், தலைமைப் பிக்கு பெரிய சாமி ஓதி ஆசீர்வாதம் செய்ததும் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு வந்துவிடலாம். கொடுப்பவர்களுக்குப் பெருமை, நமக்குக் கை நீட்டுகிற கூச்சம் இல்லை. எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். என் மூளையை வண்டீகூட மெச்சினாள்.

சித்திரைப் புத்தாண்டின் கடைசி நாள் வைத்திருக்கிறோம். சந்தைக்காரர்கள் உடைந்த ஐஸ்பெட்டி தருகிறார்கள், நாற்று விட ஆகும். தொழிற்சாலையில் கழித்துப்போட்ட வலை கேட்டிருக்கிறேன், காராமணிக் கொடி ஏற. மண்வெட்டி அதற்குள் முடியுமா?

லம்யாய்

*

பூவா யாய்
29 மார்ச்

அக்கா,

ஆறு மண்வெட்டியும் முடிந்தது. காம்புகளுக்கு எண்ணெய் பூசியிருக்கிறேன், கை உரியாது. ஒரு தள்ளுவண்டியும் வருகிறது. ஆலையில் சக்கரம் போய்த் தூக்கி எறிந்தது, மோட்டார் சைக்கிள் சக்கரம் மாட்டியிருக்கிறேன். ஓட்டும்போது கொஞ்சம் இடதுபக்கம் இழுக்கும், மாமாவிடம் மட்டும் கொடுக்காதீர்கள், அந்தக் கைக்கு ஆகாது.

முதலாளி என்று சொன்னாயே, எங்கள் முதலாளி உதிர்ந்த அரிசியைக் காக்கைக்குக்கூட விடமாட்டார். அவருக்குப் புண்ணியம் போகிறதே என்று சிரிப்பு வந்தது. ஆனால் பயமாகவும் இருக்கிறது. பொய் சொன்னால் அப்புறம் அதற்குச் சோறு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

காட்டுத்துணி என்றதும் எனக்கு மனசு லேசானது. அந்தக் காலத்தில் பிக்குகளுக்கு யாரும் நேராகத் துணி கொடுக்கக் கூடாதாம். கொடுக்க நினைப்பவர்கள் காட்டில் ஒரு கிளையில் போட்டுவிட்டுப் போய்விடுவார்களாம். உடையவன் இல்லாத துணி என்று பிக்கு எடுத்துக்கொள்வார். பள்ளியில் சொல்லிக் கொடுத்தது. என் சாமானும் அப்படி ஆளில்லாமல் ஒரு இடத்தில் இருக்கட்டும். எனக்கு அது போதும்.

கம்போன்

*

கோன் கேன்
21 ஏப்ரல்

கம்போனுக்கு,

எல்லாம் பாழாய்ப் போயிற்று. என் மூளையை யாரும் இப்போது மெச்சவில்லை.

கூட்டம் நன்றாகத்தான் வந்தது. பக்கத்துக் குடியிருப்பிலிருந்தும் மேளத்தோடு வந்தார்கள். கிளை முழுக்க விதைப்பொட்டலம், கத்தரி, மிளகாய், வள்ளைக்கீரை, வெண்டை. அடியில் பூவாளிகள், மூங்கில், ஐஸ்பெட்டி, வலை, உன் பதினோரு மூட்டை, ஆறு மண்வெட்டி, தள்ளுவண்டி. கொடை வாசகத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் தித் ஓன் மாமா. முப்பது வருடமாக அவர்தான் முன்னால் உட்கார்ந்து ஓதுகிறவர். அவரிடம் வார்த்தையை மாற்றச் சொல்ல வேண்டும் என்று எங்கள் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவர் எப்போதும்போல, "இந்தத் துணியையும் இதோடு இருக்கும் அத்தனை பொருளையும் பிக்கு சங்கத்துக்கே கொடுக்கிறோம்" என்று மூன்று தடவை சொன்னார். நாங்களும் கைகூப்பி மூன்று தடவை சொன்னோம். பெரிய சாமி கிளையிலிருந்து துணியை இழுத்து ஏற்றுக்கொண்டார். விகாரைக்கு மண்வெட்டி ரொம்ப நாளாக இல்லாமல் இருந்தது, நல்ல மனசு உங்களுக்கு என்று வாழ்த்தவும் செய்தார்.

அப்புறம்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம்.

விகாரையை விட்டு வரும்போது காலில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டிவிட்டு வருகிற ஜனங்கள் நாம். சங்கத்துப் பொருளை யார் தொடுவார்கள்? "செத்தப்புறம் கை பனையோலையாட்டம் நீண்டு, பசியோட பேயாத் திரியணுமா நான்?" என்று வண்டீ விலகிக்கொண்டாள். நான் மறுநாள் காலையில் தனியாகப் போய் ஒரு மண்வெட்டியை எடுத்தேன். அப்படியே திரும்ப வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பெரிய சாமியிடம் போய் அழுதேன். சங்கத்துக்கு வந்ததை எடுத்துக் கொடுக்க எனக்கே உரிமை இல்லை என்றார். மூன்று நாள் யோசித்துவிட்டுக் கூப்பிட்டனுப்பினார். வாய் சொன்னது ஒன்று, மனசு நினைத்தது ஒன்று என்றால் கொடை ஆகாது, கொடுத்தவன் ஒவ்வொருத்தனும் நேரில் வந்து, கொடுக்கும்போது யாரை நினைத்துக் கொடுத்தேன் என்று என் முன்னால் சொல்லட்டும், சொன்னதை வைத்து முடிவு செய்கிறேன் என்றார். இரண்டு நாளாக வரிசை. பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள்கூட வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். விதையும் பூவாளியும் வலையும் வந்துவிட்டன.

மிச்சம் நிற்பது உன்னுடையது. அது இல்லாமல் தோட்டம் இல்லை. அந்தக் கரி மண்ணில் எரு போடாமல் எதுவும் முளைக்காது, போட்டுப் பார்த்துவிட்டோம். "அந்த ஆலை முதலாளிய வரச் சொல்லும்மா" என்கிறார் சாமி. விசாக நாள் மே பத்தாம் தேதி. அன்று எல்லாரும் கூடுவார்கள். மழையும் அதை ஒட்டி வந்துவிடும்.

நீ வர வேண்டும்.

லம்யாய்

*

பூவா யாய்
27 ஏப்ரல்

அக்கா,

வரமாட்டேன்.

விகாரைக்கே இருக்கட்டும். நான் வேறு செய்து அனுப்புகிறேன். இன்னும் பதினோரு மூட்டை, இன்னும் ஆறு மண்வெட்டி. பட்டறைக்காரரிடம் கேட்டுவிட்டேன், மழைக்கு முன்னால் முடியாது, ஆடி மாதத்துக்குள் முடியும். அதுவரை பொறுங்கள். இல்லாவிட்டால் முதலாளி செத்துவிட்டார் என்று சொல்லு.

என்னை என்ன வேண்டுமானாலும் கேள். மாமா முன்னால் வந்து நிற்கச் சொல்லாதே.

இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுதுகிறேன். நீ முதல் கடிதத்தில் ஓடிப்போனவன் என்று ஊர் சொல்வதாக எழுதியிருந்தாய். என்னை ஓட்டியது யார்? "மாமா சந்தையிலேருந்து வந்துட்டா உன்னை வெட்டிப் போட்டுடுவாரு, போடா" என்று தண்டவாளத்தில் பிடித்துத் தள்ளியது யார்? மாமா வரும்வரைக்கும் நிற்கிறேன், அவரிடம் எனக்கு ஒரு காரியம் இருக்கிறது என்று எத்தனை தடவை சொன்னேன். நீ காதிலேயே வாங்கவில்லை. நான் சொல்லியனுப்பும்வரை வராதே என்றாய். சரக்கு வண்டியில் ஏற்றிவிட்டாய். நீ சொல்லியனுப்பவே இல்லை. பதினோரு மாதம் கழித்து உமிக்கரி வேண்டும் என்று எழுதுகிறாய்.

நான் போயிருக்கக் கூடாது. உன்னைக் குற்றம் சொல்லவில்லை. எனக்கும் ஓடத்தான் ஆசையாக இருந்தது. ஆனால் நீயும் அதை நம்புவதுபோல எழுதினாயே, அதுதான் தாங்கவில்லை.

கம்போன்

*

கோன் கேன்
3 மே

தம்பி,

நீ எழுதியது அத்தனையும் நிஜம்.

பயந்துதான் தள்ளினேன். அம்மா போன பிறகு எனக்கு இருந்தது நீ ஒருத்தன். அப்புறம் எல்லாரும் எங்கே அவன் என்று கேட்டபோது, என்னிடம்கூடச் சொல்லாமல் போய்விட்டான் என்றேன். என் அடுப்பு, என் தம்பி. நான்தான் அனுப்பினேன் என்று தெரிந்தால் என்னையும் இங்கே இருக்க விடமாட்டார்கள் என்று நினைத்தேன். ஒருத்தரும் என்னை வெறுக்கவில்லை. பாவம் லம்யாய், தம்பி விட்டுட்டுப் போயிட்டான் என்று சோறு போட்டார்கள். நான் அதைத் தின்றேன்.

நேற்று சாலி மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூட்டை யாருடையது, மண்வெட்டி யாருடையது, உன்னை அனுப்பியது யார், நீ வாசல் வரைக்கும் போனது, எல்லாம். மூங்கில் சீவுகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். நான் அழுததைப் பார்க்கவில்லை.

"அன்னைக்கு அவன் நின்னிருந்தா அடிச்சே கொன்னிருப்பேன். நீ நெனச்சது தப்பில்ல" என்றார். கொஞ்சம் கழித்து, "ஆனா அது எனக்கும் அவனுக்கும் உள்ளது. நடுவுல நீ எதுக்கு எடுத்துக்கிட்ட?" என்றார்.

அதற்குமேல் என்னோடு பேசவில்லை. இன்று எதிரில் வந்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு இது வேண்டியதுதான்.

வா என்று இனி சொல்லமாட்டேன். சொல்ல எனக்கு என்ன யோக்யதை. விசாக நாள் ஞாயிற்றுக்கிழமை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

லம்யாய்

*

பூவா யாய்
8 மே

அக்கா,

நேற்று வந்துவிட்டுப் போய்விட்டேன். உன்னைப் பார்க்காமல் போனதற்குத் திட்டாதே. ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேர் முன்னால் நிற்கத் தைரியம் இல்லை. வியாழக்கிழமை நீ தொழிற்சாலைக்குப் போயிருப்பாய், விகாரையில் யாரும் இருக்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு முதல் வண்டியில் வந்தேன்.

மாமா தினமும் காலையில் விகாரை முற்றம் பெருக்குகிறார் என்று நீ எழுதவே இல்லையே.

படியில் ஏறும்போதே பார்த்துவிட்டேன். திரும்பி ஓடலாம் என்று கால் எடுத்தது, பொய் சொல்லவில்லை. அவரும் பார்த்துவிட்டார். துடைப்பம் நின்றது. பிறகு மறுபடி பெருக்க ஆரம்பித்தார். என் காலடி வரைக்கும் பெருக்கி, என்னைச் சுற்றிக்கொண்டு பெருக்கிப் போனார்.

பெரிய சாமி மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விழுந்து கும்பிட்டேன். யார் என்று கேட்கவில்லை. "கொடுக்கறப்ப யார நெனச்சுக் கொடுத்த?" என்று நேராகக் கேட்டார். தோட்டத்துக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அதைத்தான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். வாய் வரவில்லை. பள்ளத்தில் இறங்கிக் கரி அள்ளியபோதும் காம்பு செதுக்கியபோதும் தோட்டத்தை நான் ஒரு நாளும் நினைக்கவில்லை.

"துவாங் அத்தைக்குத்தான் கொடுத்தேன் சாமி" என்றேன்.

துடைப்பச் சத்தம் நின்றுவிட்டது. அப்படியென்றால் இது சங்கத்துடையதும் இல்லை, தோட்டத்துடையதும் இல்லை, அந்த அம்மாவுடையது, அந்த அம்மாவின் வீட்டுக்காரர் இதோ நிற்கிறார், அவர்தான் சொல்ல வேண்டும் என்று சாமி எழுந்து உள்ளே போய்விட்டார். எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு.

மாமா படியில் உட்கார்ந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"வாசல் வரைக்கும் போனியாமே. லம்யாய் சொன்னா."

"போனேன் மாமா."

"அவ உயிரோட இருந்தாளா?"

"இருந்தாங்க."

"ஏதாச்சும் சொன்னாளா?"

இதைத்தான் அக்கா, அன்றைக்கு நின்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. உன்னிடம்கூட நான் சொன்னதில்லை. சொன்னால் தப்பிக்கப் பார்க்கிறான் என்பார்கள். உண்மையும் அதுதானே, அத்தை சொன்ன சொல்லைச் சாக்காக வைத்துக்கொண்டுதான் நான் வெளியே நின்றேன்.

மாமாவிடம் சொன்னேன். என்னைப் பார்த்ததும் அத்தை கை காட்டினாள். "உள்ள வராதடா கம்போன், கூரை விழுது. மாமா வந்தா உள்ள விட்டுடாத. புடிச்சுக்க" என்றாள். அவ்வளவுதான் கேட்டது.

மாமா தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ புடிச்சுக்கல" என்றார்.

"புடிச்சுக்கல மாமா. ஓடிட்டேன்."

"இன்னொரு தடவ சொல்லு. அவ சொன்ன மாதிரியே சொல்லு."

சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன். அவர் அழவில்லை. "பதினாலு மாசமா இத யாருகிட்டக் கேக்கறதுன்னே தெரியாம இருந்தேன்" என்றார். "அவ கத்தினாளோ, என்னத் திட்டினாளோ, என்னென்னமோ நெனச்சிட்டுக் கெடந்தேன்."

மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். கேட்கவே இல்லை, அக்கா. அந்த இடத்தில் என் மன்னிப்பு ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. ரயில் சத்தம் கேட்டதும், "வண்டிக்கு நேரமாச்சு, போ" என்றார். வந்துவிட்டேன்.

மூட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தோட்டம் என்னால் கெட்டதென்றால் எனக்கு எழுதிவிடு.

கம்போன்

*

கோன் கேன்
31 மே

தம்பி,

பிரயூன் அண்ணன் சனிக்கிழமையே கொண்டுவந்து கொடுத்த உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் தொழிற்சாலைக்குப் போகவில்லை. நான் தண்டவாளத்தில் பிடித்துத் தள்ளியது உன்னை மட்டும் இல்லை, அத்தையின் கடைசிச் சொல்லையும் சேர்த்துத்தான் என்று இப்போதுதான் தெரிகிறது. மாமா பதினாலு மாதம் கிடந்து தவித்ததற்கு நான்தான் காரணம். இதை உனக்கும் எழுதுகிறேன், விசாக நாளன்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். நான் பேசி முடித்ததும் வண்டீ பாயை உருட்டிக்கொண்டு பெண்களோடு அவள் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து, அங்கே கொசு அதிகம் என்றாள்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெரிய சாமி மூட்டைகளைக் காட்டி, இவை துவாங்கின் பேரில் வந்தவை, சாலி என்ன சொல்கிறான் என்று கேட்டார். மாமா எழுந்தார். "கம்போன் அனுப்பிச்சது. அவ பேருக்கு வந்தது. நான் வாங்கிக்கிறேன்" என்றார். போய் முதல் மூட்டையைத் தானே தள்ளுவண்டியில் ஏற்றினார். அவரிடம் கொடுக்காதே என்று நீ எழுதியிருந்தாய், நான் ஓடிப்போய்ப் பிடித்தேன், என் கையைத் தட்டிவிட்டார். வண்டி இடது பக்கம் இழுக்க இழுக்க நிமிர்த்திக்கொண்டே தோட்டம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் மண்வெட்டியை எடுத்தார்கள்.

பதிமூன்றாம் தேதி மழை வந்தது. வள்ளைக்கீரை முதல் தடவையாக அறுத்துவிட்டோம். காராமணி வலையில் ஏறுகிறது. கத்தரி மட்டும் ஒரு பக்கம் மஞ்சளாக இருக்கிறது, ஏன் என்று தெரியவில்லை.

மாமா என்னோடு பேசாமலேதான் இருந்தார். தோட்டத்தில் பக்கத்துப் பாத்தியில் நின்றாலும் பேச்சு இல்லை. நான் அதற்குப் பழகிக்கொண்டு வந்தேன்.

இன்று காலையில் என் வாசலுக்கு வந்தார். உட்காரவில்லை. அத்தைக்கு அன்னதானம் வைக்கப் போகிறாராம், ஜூன் பதினான்கு, ஞாயிறு. எரியூட்டியபோது எடுத்து வைத்த அத்தையின் எலும்பை அன்றைக்குத்தான் வெளியே எடுத்து, வாசனைத் தண்ணீரில் கழுவி, விகாரைச் சுவர் மாடத்தில் வைக்கிறார்கள். வீட்டுப் பிள்ளைகள் செய்கிற வேலை அது. அவர்களுக்குத்தான் பிள்ளை இல்லையே.

"எனக்கு ஒத்தக் கையில கழுவ முடியாது. அவன வரச் சொல்லு" என்றார்.

போகத் திரும்பியவர் நின்று, "அவ பேச்சக் கடைசியாக் கேட்டவன் அவன்தான். அவன் தண்ணி ஊத்தறதுதான் சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

வெள்ளைச் சட்டை இருக்கிறதா உன்னிடம்? இல்லாவிட்டால் தோள் அளவு எழுது, தைத்து வைக்கிறேன். பதிமூன்றாம் தேதி பகல் வண்டியில் வா. நான் ஸ்டேஷனுக்கு வந்து உன் கையைப் பிடித்து, தண்டவாளத்தின் ஓரமாக, எல்லார் வாசல் வழியாகவும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அக்கா